முறை வீடு

வேன் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளில் பெரிய வேலை, கணவனைத் தூக்கி உட்கார வைப்பது. பாண்டிச்செல்வி கட்டில் சட்டத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, ஊர்க்காவலனின் அக்குளுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே இழுத்தாள். அவனிடம் எடை என்று எதுவும் மிச்சமில்லை. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற ஆளைத் தூக்குவது மூட்டை தூக்குவது போல அல்ல. பாதியில் இருமல் வந்தால், அது முடிகிறவரை அவனை நெஞ்சில் சாய்த்துத் தாங்கி நிற்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். இருமல் அடங்கியதும் மறுபடி இழுக்க வேண்டும்.

உட்கார வைத்து முதுகுக்குப் பின்னால் சாக்கைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். சளி துப்புகிற டப்பாவைக் கழுவி, அடியில் சாம்பல் போட்டு, கைக்கு எட்டும்படி வைத்தாள். வெந்நீரில் துணி நனைத்து முதுகைத் துடைத்தாள். வேட்டியை மாற்றினாள். ஆவி மிஷினின் மூடியை அவன் மூக்கில் மாட்டிவிட்டு, அது உறுமிக்கொண்டிருக்கும்போதே கஞ்சியை ஆற்றினாள். ஆமத்தூர் விலக்குப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

அவன் மூடியைக் கொஞ்சம் தூக்கினான். "நீ சாப்பிட்டியா?"

"வேன்ல போய்ச் சாப்பிட்டுக்கிடுதேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னே."

"பேசாம ஆவியப் பிடிங்க. மருந்து வீணாப் போகுது."

ஊர்க்காவலன் மீசை முளைத்த நாளிலிருந்து பட்டாசு ஆபீசில் வெடிமருந்து சலித்தவன். இந்தப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸ் என்றதும் நாற்காலியும் மின்விசிறியும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே மின்விசிறியே கூடாது, பொறி பறக்கும். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அலுமினியப் பவுடரையும் கந்தகத்தையும் சலித்துச் சலித்து, கடைசியில் அவன் நெஞ்சே சல்லடையாகிப் போனது. பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நுரையீரல் தழும்பேறிப் போச்சும்மா. ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்க இனி ஒண்ணுமில்ல. வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அவன் மருந்து சலித்த அதே ஆபீசில் அவள் புஸ்வாணக் கூடுகளில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் அடுப்பில் பூனை படுத்திருக்கும். வீட்டில் இருந்தது சுவர் மட்டும்தான்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாய் வீடு. ஊர்க்காவலனுக்குச் சித்தப்பா மகள், மூத்தவள். பாண்டிச்செல்விக்கு மதினி, அதே ஆபீசில் பக்கத்து ரூமில் வேலை. அவள் மகள் சினேகாவுக்கு வலிப்பு. பன்னிரண்டாவது முடித்த பெண், நல்ல சூட்டிகை. மாத்திரை சாப்பிட்டாலும் வலிப்பு சொல்லாமல் வரும். வந்து தெளிந்ததும் கொஞ்ச நேரம் தான் யார் என்று தெரியாமல் எழுந்து நடப்பாள். ஒருமுறை அப்படியே நடந்து போய் சிவகாசி ரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றாள்.

தெருவில் வேறு வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் பக்கவாதம், ஒரு வீட்டில் சிறுநீரகம், ஒரு வீட்டில் வெடிவிபத்தில் விரல்கள் ஒட்டிப்போன ஆள். எல்லாரையும் ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியது. எல்லார் வீட்டையும் ஆபீஸ் காலி செய்தது.

அதற்குப் பெண்கள் கண்டுபிடித்த வழிதான் முறை வீடு. தெருக்கோடியில் மூடிக் கிடந்த பழைய தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் பெரிய முதலாளிக்குச் சொந்தம். "சும்மா கெடக்குற கட்டடம்தான, வச்சுத் தொலைங்க" என்று அவர் வாயால் சொன்னார். வௌவால் எச்சத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, வீட்டுக்கொரு கட்டிலாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒருத்தி முறை போட்டு அங்கே இருப்பாள். எல்லா நோயாளிகளுக்கும் அன்றைக்கு அவள்தான் கை, கால். ஆபீசுக்குப் போன மற்றவர்கள் அவள் பங்குக் கூடுகளையும் சேர்த்து அடைத்து, தட்டு குறையாமல் கணக்குக் காட்டிவிடுவார்கள். எந்த அரசாங்கமும் சொல்லித் தரவில்லை. கட்டட முதலாளிக்கும் இதில் ஒரு கூடு நட்டமில்லை.

சினேகா நோயாளியாக அங்கே வந்து பாதி நர்சாகிவிட்டாள். யாருக்கு எந்த மாத்திரை என்று அவளுக்குத்தான் மனப்பாடம். பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள். "மாமா, ராசிபலன் வாசிக்கட்டா? 'இன்று ஓட்டமும் நடையுமாக இருப்பீர்கள்'னு போட்டிருக்கு" என்று ஊர்க்காவலனைச் சீண்டுவாள். அவன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவளே முதுகைத் தடவிவிடுவாள்.

வார லீவு நாள் ஒன்றில் சண்முகத்தாய், "ஏ செல்வி, இன்னிக்கும் அவன இங்கன விட்டுட்டு நீ வீட்ல போய்ப் படு" என்று பாண்டிச்செல்வியை விரட்டிவிட்டாள். போய்ப் படுத்தவள் பொழுது சாய்கிறவரை எழுந்திருக்கவில்லை. நோயாளிப் புருசனை விட்டுவிட்டுப் பகலில் தூங்கினோமே என்று வெட்கத்தோடு திரும்பி வந்தாள். ஊர்க்காவலன் அவளைப் பார்த்து, "ஏ புள்ள, எனக்கும் உன்கிட்டருந்து ஒரு நாள் லீவு கெடச்சுச்சுல்ல" என்றான். அவன் நோயில் விழுந்த பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பெரிய முதலாளி இறந்து மகன் விக்னேஷ்வரன் வந்தார். படித்தவர், தன்மையாகப் பேசுவார். அப்பாவுக்குக் கெட்ட வார்த்தை இல்லாமல் பேச்சு வராது, ஆனால் இடத்தைக் கொடுத்தார். மகன் 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டே இடத்தைப் பிடுங்கினார்.

அவர் போர்மேன் செந்தூர்பாண்டியோடு வந்து இறங்கிய அன்று பாண்டிச்செல்வி முறை.

"எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. நாளைக்கு இங்க லோடு இறங்குது."

"என்ன லோடு மொதலாளி? வெடியவா தெருவுக்குள்ள அடுக்கப் போறீக?"

"ஆபீஸ் குடோன் ரொம்பிருச்சு. வடக்க இருந்து ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. சீசன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இந்த முறைன்னு சொல்லிட்டு தினம் ஒரு ஆள் வேலைக்கு வராம நிக்கிறதும் இனி கூடாது. நின்னா நின்னபடியே நின்னுக்கலாம்."

"அப்ப இவுகள என்ன செய்ய?"

"அவங்கவங்க வீட்டு ஆளை அவங்கவங்கதானம்மா பாக்கணும். நான் நடத்துறது ஆபீஸா, ஆஸ்பத்திரியா?"

பாண்டிச்செல்வி கணவனைக் காட்டினாள். "இவுக உங்க ஆபீஸ்ல மருந்து சலிச்சவுக. இந்த நெஞ்சுக்குள்ள கெடக்குறது உங்க அலுமினியப் பவுடருதான்."

விக்னேஷ்வரன் கோபப்படவில்லை. "அதுக்கு ஏதும் சர்டிபிகேட் இருக்காம்மா? உங்க வீட்டுக்காரர் பீடி குடிக்கலைன்னு யாருக்குத் தெரியும்?"

ஊர்க்காவலன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல முயன்றான். "குடிச்சதில்ல" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவனுக்குப் பல மூச்சு வேண்டியிருந்தது. அதற்குள் முதலாளி கூரை ஒழுகுமா என்று பார்க்க உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே கட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. சீசனில் வேலை போனால் வருசம் முழுக்கப் பட்டினி என்ற பயம் அவரவர் வாயை அடைத்தது. சாயங்காலம் ஒவ்வொரு கட்டிலாக வீடு திரும்பியது. கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

மறுநாள் காலை சண்முகத்தாய் மகளுக்குச் சோறும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு, அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டினாள். லாரி நினைப்பு அவளுக்கு. சாவியை யாரிடம் கொடுப்பது? சீசனில் தெருவில் பூட்டைத் திறந்து ஆளைத் தூக்கிவிடக்கூடிய கை ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வேன் ஏறினாள்.

ஆபீஸ் கேட்டில் இரும்பு எதுவும் உள்ளே போகாது. ஊக்கு, சில்லறை, செல்போன் எல்லாவற்றையும் கேட் டப்பாவில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடுதான் போக வேண்டும். சாவியும் டப்பாவுக்குள் போனது. கலவை ரூமில் ஒச்சப்பன் கருக்கலிலேயே மருந்து கலந்து வைத்திருந்தார். கலந்த மருந்தை வைத்திருக்கக் கூடாது. ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், வெயில் ஏற ஏற ஆபத்து. தட்டில் கொட்டியதை அடைத்து முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த ரூம்களுக்கு நாலு பக்கமும் கதவு, எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஓடித் தப்பிப்பதற்கு என்று சட்டம் போட்டிருக்கிறான். அப்படிப்பட்ட ரூமில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற மகளைப் பூட்டிவிட்டு வந்ததை நினைத்து சண்முகத்தாய்க்குக் கை ஓடவில்லை.

வெயில் ஏறுமுன்பே ஊர்க்காவலனுக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் 'தொம்' என்று சத்தம் கேட்டது. பிறகு தரையில் கைகால் அடித்துக்கொள்கிற சத்தம். அவனுக்கு அது என்னவென்று தெரியும். வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒருக்களித்துத் திருப்பிப் போட வேண்டும். முறை வீட்டில் எத்தனையோ தடவை யாராவது செய்ததுதான். இன்றைக்கு அதற்கு ஓர் ஆள் இல்லை. அவன் கூப்பிட்டான், குரல் கட்டிலைத் தாண்டவில்லை. போனை எடுத்து, தனக்கு நன்றாகத் தெரிந்த ஆபீஸ் நம்பரைப் போட்டான்.

"சினேகா... விழுந்துட்டா. எங்க அக்காட்ட சாவி... அனுப்புங்க."

"யாரு, ஊர்க்காவலனா? சரி, சரி" என்று போர்மேன் போனை வைத்துவிட்டான்.

ஊர்க்காவலன் கட்டிலிலிருந்து கீழே விழுந்தான். முழங்கையால் தரையை உந்தி ஊர்ந்து தன் வாசலைத் தாண்டினான். பக்கத்து வாசல் சில எட்டுத்தான். நின்று மூச்சு வாங்கி, மயங்கி, மறுபடி ஊர்ந்து, அந்தக் கதவைப் போய்த் தொட்டபோது உள்ளே சத்தம் நின்றிருந்தது. பூட்டைப் பிடித்து இழுத்தான். பிறகு கதவைச் சுரண்டினான்.

சாயங்காலம் மருந்தெல்லாம் அடைத்து முடிந்து, பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது செந்தூர்பாண்டி வந்தான். "சண்முகத்தாய், நீ கொஞ்சம் வெரசா வீட்டுக்குப் போ. ஏதோ போன் வந்துச்சு" என்றான்.

வேன் தெருவில் நுழையும்போதே கதவில் சாய்ந்து கிடந்த ஊர்க்காவலனைப் பார்த்தார்கள். முழங்கைகள் தோலுரிந்து, விரல் நகங்களுக்குள் மரச்செதிள் ஏறியிருந்தது. உயிர் இருந்தது. சண்முகத்தாய் பூட்டைத் திறந்தாள். சினேகா தரையில் கிடந்த தலையணையில் முகம் புதையக் குப்புறக் கிடந்தாள். சோற்றுத் தட்டு மூடியபடி இருந்தது. தாய் மகளைத் திருப்பிப் போட்டாள். விறைத்த உடம்பு ஒரே கட்டையாகத் திரும்பியது.

பாண்டிச்செல்வி கணவனை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் கையை ஆட்டி ஆட்டி ஒன்றைத்தான் சொன்னான். "காலையிலயே... சொன்னேன். போன்ல... காலையிலயே."

மறுநாள் அடக்கம் முடிந்து, சண்முகத்தாய் வீட்டு முன்னால் ஆட்கள் கூடியிருந்தபோது ஒச்சப்பன் வந்தார். மருந்து கலக்குகிறவர், கடுமுகம். பெண்களோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"போன் வந்தப்ப நான் அங்கனதான் நின்னேன். போர்மேன் மொதலாளிட்ட சொன்னான். அதுக்கு மொதலாளிதான், 'தட்டுல மருந்து கொட்டியாச்சு, இப்ப ஒருத்தி அழுதுட்டு எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாளுக. அம்புட்டு மருந்தும் வீணாப் போகும். வலிப்புதான, தானா நிக்கும். சாயந்தரம் சொல்லிக்கலாம்'ன்னாரு. கேட்டுட்டு, நான் போய் அடுத்த மருந்தக் கலந்தேன்."

சண்முகத்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தார்.

பாண்டிச்செல்விக்கு உடம்பு முழுக்க எரிந்தது. துக்கம் என்று சொன்னால் பொய், அது கொலைவெறி. அந்த வெறியை வைத்துக்கொண்டு ஒருத்தியாக எதுவும் செய்ய முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "இனி யாரையும் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்ட வேண்டாம்" என்றாள். "நாளைக்கு எவளும் வேன் ஏறக்கூடாது. கட்டில எடுத்துட்டு முறை வீட்டுக்குப் போவோம்."

"வேலை போயிரும் செல்வி" என்றாள் ஒருத்தி.

"போகட்டும். இந்த வேலையில இருந்துதான இந்தச் சாவையும் பாத்தோம்."

மறுநாள் விடியற்கருக்கலில் கட்டில்கள் கிளம்பின. ஒரு கட்டிலுக்கு இரண்டு பெண்கள், தலையில். விரல் ஒட்டிப்போனவர் நடந்தே வந்தார். ஊர்க்காவலனை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். உள்ளே கூரை உயரத்துக்கு வெடிப்பெட்டிகள் அடுக்கியிருந்ததால் கட்டில்களைக் கட்டடத்துக்கு எட்டத்தில், பாதையின் மறுபுறம் வேம்படியில் போட்டுவிட்டு, பெண்கள் லாரி வருகிற பாதையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேன் விடாமல் ஹாரன் அடித்தது. இந்தத் தெருவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த டிரைவர், அவர்களைப் பார்த்ததும் ஹாரனை நிறுத்திவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

விக்னேஷ்வரனின் கார் வந்தது.

"நடந்தது எனக்கும் வருத்தம்தாம்மா. அந்தப் பொண்ணு குடும்பத்துக்கு என்னால முடிஞ்சதச் செய்யுறேன். நீங்க முதல்ல வேலைக்குக் கிளம்புங்க."

"கதவத் தொறங்க மொதலாளி" என்றாள் பாண்டிச்செல்வி. "உள்ள இருக்குறத எடுத்துட்டுக் கட்டடத்த விடுங்க. முறைக்கு நிக்கிற ஆளு நிப்பா, அவ வேலையத் தொடக்கூடாது. வீட்ல இருந்து போன் வந்தா அந்த நிமிசமே சொல்லணும். இம்புட்டுத்தான்."

"சீசன்ல வந்து கழுத்தப் பிடிக்கிறீங்களா?"

"சீசன்லதான் உங்களுக்கு எங்க மொகமே தெரியுது."

அவர் தன்மை அதோடு போயிற்று. "இங்க பாருங்க. அங்க மருந்து கலந்து ரெடியா இருக்கு. ஒங்களுக்கே தெரியும், கெடந்தா என்ன ஆகும்னு. வெடிச்சா ஆபீஸ் போகும், வாட்ச்மேன் போவான், சமையக்காரம்மா போவா. அம்புட்டு உசுரும் ஒங்க தலையிலதான். நான் போலீஸ்ல அப்படித்தான் சொல்லுவேன்."

வரிசை அசைந்தது. இந்த மிரட்டல் வேறு யாரிடமும் பலித்திருக்காது. இந்தப் பெண்களுக்குக் கலந்த மருந்து என்றால் என்னவென்று தெரியும், வெடித்த ரூமில் பொறுக்கிய கைகால்கள் யாருடையவை என்று அடையாளம் சொன்னவர்கள் அவர்கள். இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். பாண்டிச்செல்வியே கையை ஊன்றி எழப் பார்த்தாள். போய் அடைத்துவிட்டு வந்து உட்காரலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போனால் திரும்பி வந்து உட்கார மாட்டோம் என்பதும் அதே கணத்தில் தெரிந்தது.

அப்போதுதான் பாதையில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஒச்சப்பன் இறங்கினார். வேலைத்துணி போடவில்லை, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"என்னய்யா, மருந்த விட்டுட்டு இங்க வந்து நிக்கிறே?" என்றார் முதலாளி.

"மருந்து இல்ல மொதலாளி. கலக்கச் சொன்னீக, சரின்னேன். கலக்கல." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "எல்லாம் தனித்தனிச் சாக்குல கட்டுப் பிரிக்காமக் கெடக்கு. அது பாட்டுக்குக் கெடக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"ஊருல நீ ஒருத்தன்தான் கலக்கத் தெரிஞ்சவனா? திருத்தங்கல்ல இருந்து ஆள் எறக்குவேன். போலீசக் கூட்டிட்டு வந்து இத்தன கட்டிலையும் ரோட்ல வீசுவேன்."

"கூட்டிட்டு வாங்க மொதலாளி" என்றாள் பாண்டிச்செல்வி. "வந்தா இந்தப் பூட்டத் தொறந்து, தெருவுக்குள்ள என்ன அடுக்கி வச்சிருக்கீகன்னு அவுகளுக்கும் காட்டுங்க."

விக்னேஷ்வரன் பூட்டைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கார் போன பிறகும் பூட்டு அப்படியே தொங்கியது. அவர் சும்மா இருக்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். பொழுது சாய்வதற்குள் ஆள் வரலாம், போலீஸ் வரலாம், இரண்டும் சேர்ந்தே வரலாம். ஒச்சப்பன் பெண்களின் வரிசைக் கடைசியில் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்தார். யாரும் அவரை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வேம்படியில் ஊர்க்காவலன் இரும ஆரம்பித்தான். பக்கவாதக்காரர் தண்ணீர் கேட்டார். பாதையை விட்டு எல்லாரும் எழக் கூடாது, ஆனால் கட்டில்களைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். "இன்னிக்கு யார் முறை?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரிசைப்படி யார் முறை என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு அங்கே கட்டில் எதுவும் இல்லை. "நான் பாக்கேன்" என்று பாண்டிச்செல்வி அவசரமாக எழுந்தாள்.

"நீ உக்காரு செல்வி" என்றாள் சண்முகத்தாய்.

மகளைப் புதைத்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாதையைக் கடந்து வேம்படிக்குப் போனாள். ஊர்க்காவலன் அவளைப் பார்த்து அழுதான், அழ மூச்சுப் போதாமல் திணறினான். அவள் கட்டில் சட்டத்தில் முழங்காலை ஊன்றி, அவன் அக்குளுக்குள் கைகொடுத்து, நெஞ்சில் சாய்த்துத் தாங்கிக்கொண்டாள்.

"அழாதலே தம்பி. மெல்ல மூச்ச விடு" என்றாள். "இன்னிக்கு என் முறை."